பிளஸ் ஒன் குரூப்: எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்பு கைவிட்டுப் போகும்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்றே தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்வி, "எந்த குரூப் எடுக்கப் போறே?" என்பதுதான். பெரியப்பா, டியூஷன் மாஸ்டர், மேல் மாடி அண்ணன் என்று ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த செய்திகள் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டன. "இன்ஜினியரிங் படிக்க கணக்கே வேண்டாமாம்", "பயாலஜி படிக்காதவங்களும் நீட் எழுதலாமாம்", "பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாதாம், ஜாலிதான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் மூன்றுமே பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் எடுத்த முடிவின் விலை, இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரியவரும்.

"எந்த குரூப் நல்லது?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "எந்தப் பாடம் இல்லாவிட்டால் எந்தப் படிப்பில் சேர முடியாது?" என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை உண்டு. அதிலிருந்து தொடங்கலாம்.

## குரூப் என்பது நான்கு பாடங்களின் கட்டு

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை மாணவருக்கு ஆறு பாடங்கள். ஒன்று மொழிப்பாடம், ஒன்று ஆங்கிலம், மற்ற நான்கும் விருப்பப் பாடங்கள். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600. (2018 வரை பிளஸ் டூ மொத்தம் 1200. "நான் அந்தக் காலத்திலேயே ஆயிரத்து நூறு" என்று சொல்லும் மாமாக்களை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்த நான்கு விருப்பப் பாடங்களைத்தான் பள்ளிகள் கட்டுக் கட்டாகத் தருகின்றன. பரவலாகக் கிடைப்பவை இவை:

1. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். பேச்சு வழக்கில் பயோ மேத்ஸ்.
2. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்.
3. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். ப்யூர் சயின்ஸ்.
4. பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடுகள் அல்லது வணிகக் கணிதம். காமர்ஸ்.
5. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் போன்றவை சேர்ந்த கலைப் பிரிவு.
6. ஒரு தொழிலின் கருத்தியலும் செய்முறையும் சேர்ந்த தொழிற்கல்விப் பிரிவு.

இங்கே இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, "ஃபர்ஸ்ட் குரூப்", "செகண்ட் குரூப்", "தேர்ட் குரூப்" என்ற எண்கள். ஒரு பள்ளியில் செகண்ட் குரூப் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். அடுத்த தெருப் பள்ளியில் அதே பெயர் ப்யூர் சயின்ஸைக் குறிக்கும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எண்ணைப் பார்க்காமல் நான்கு பாடங்களின் பெயரையும் வாசியுங்கள்.

இன்னொன்று கம்ப்யூட்டர். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் என மூன்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. முதலாவது அறிவியல் பிரிவுக்கு, இரண்டாவது காமர்ஸ் மற்றும் கலைப் பிரிவுகளுக்கு, மூன்றாவது தொழிற்கல்விக்கு. "கம்ப்யூட்டர் இருக்கு" என்று பள்ளியில் சொன்னால், மூன்றில் எது என்று கேளுங்கள்.

## தகுதி வேறு, தரவரிசை வேறு

கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு சல்லடைகள் உண்டு. முதலாவது தகுதி: குறிப்பிட்ட பாடங்களைப் படித்திருக்கிறாயா, குறைந்தபட்ச மதிப்பெண் இருக்கிறதா? இதில் சிக்கினால் விண்ணப்பமே நிற்காது. இரண்டாவது தரவரிசை: தகுதி உள்ளவர்களை எந்த மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துவது? பொறியியலில் இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கணிதம் 100க்கு முழுதாக, இயற்பியல் பாதியாக 50க்கு, வேதியியல் பாதியாக 50க்கு, ஆக மொத்தம் 200.

ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 81, வேதியியலில் 85 எடுத்திருந்தால் அவள் கட்-ஆஃப் 92 + 40.5 + 42.5 = 175. அவளுக்கு உயிரியலில் 98 கிடைத்ததா 60 கிடைத்ததா என்பது இந்தக் கூட்டலில் வரவே இல்லை. கணினி அறிவியலும் அப்படியே. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரப் போகிறவருக்கும் கட்-ஆஃபில் கணினி அறிவியல் மதிப்பெண் சேராது. கட்-ஆஃபில் சரிபாதி கணிதம். இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான்.

தகுதிக்கான குறைந்தபட்சம் இதைவிட மிகவும் கீழே: இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம். அதனால் "இன்ஜினியரிங் கிடைக்குமா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். "எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில்?" என்று கேட்கும்போதுதான் கட்-ஆஃப் பேசத் தொடங்குகிறது. 58, 62, 66 என்று எடுத்தவருக்கு 122 வரும். இடம் கிடைக்கலாம், கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காது.

## கணிதம்: அதிகப் படிப்புகளைக் கையில் வைத்திருக்கும் பாடம்

கணிதம் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால் கைவிட்டுப் போகும் படிப்புகளின் பட்டியல்தான் எல்லாவற்றிலும் நீளம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு, ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜேஇஇ, கட்டடக்கலை (இதற்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம், கூடவே நாட்டா எனும் கட்டடக்கலைத் திறனறித் தேர்வு), கணிதம், புள்ளியியல் பட்டப்படிப்புகள், கப்பல் அதிகாரிப் படிப்புகள், தேசிய பாதுகாப்பு அகாடமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகள் எல்லாம் இதில் வரும். வணிக விமானி உரிமத்துக்கும் இயற்பியல், கணிதம் என்பதே நெடுநாள் விதி. அதைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 2025இல் எழுந்தது.

காமர்ஸ் மாணவர்கள் எதிர்பாராத ஒரு இடமும் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர கணிதம் கட்டாயம். பொருளியலை மேலே மேலே படிக்கப் படிக்க அது கணிதமாகவே மாறிவிடும் என்பதைப் பிளஸ் ஒன்னில் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் வெளியிட்ட கையேட்டில் ஒரு நீண்ட பாடப் பட்டியலைக் கொடுத்து, அதில் ஏதாவது மூன்று படித்திருந்தால் பொறியியலில் சேரலாம் என்று சொன்னது. கண்டனம் கிளம்பியது. அடுத்த ஆண்டுக் கையேட்டில் கணிதம் கட்டாயமில்லாத பிரிவுகள் கட்டடக்கலை, ஃபேஷன் டெக்னாலஜி, பேக்கேஜிங் டெக்னாலஜி என்று சுருங்கின. அதிலும் கட்டடக்கலைக்குக் கட்டடக்கலைக் குழுமத்தின் விதி தனியாக நிற்கிறது. அது கணிதத்தைக் கேட்கிறது. ஏஐசிடிஇ சொல்வது நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம். மாநிலமும் பல்கலைக்கழகமும் அதற்கு மேல் நிபந்தனை வைக்கலாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வு கேட்பது இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும்தான். "தேவையில்லையாம்" என்ற செய்தியை நம்பிக் கணிதத்தை விடுவது அபாயம்.

வணிகக் கணிதம் இதற்கு ஈடாகாது. பெயரில் கணிதம் இருந்தாலும் பொறியியல் சேர்க்கையில் அது எடுபடாது. பி.காம்., பி.பி.ஏ., சி.ஏ. போகிறவர்களுக்கு அது மிக உதவியான பாடம், சி.ஏ. ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று அளவியல் திறன்தான். அதன் இடம் அங்கே.

## உயிரியல்: பட்டியல் சின்னது, ஆனால் கறாரானது

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் நீட் வேண்டும். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. இதற்கு அப்பால் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பி.எஸ்சி. நர்சிங் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் உயிரியல் வேண்டும், ஆனால் தமிழ்நாட்டில் அவற்றின் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மையும் அப்படியே. "நீட் எழுத மாட்டேன், அதனால் பயாலஜி வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளை, மாட்டு டாக்டர் ஆகும் வாய்ப்பையும் சேர்த்து விடுகிறது என்பதை வீட்டில் யாராவது சொல்ல வேண்டும். பி.ஃபார்ம். மட்டும் இரண்டு பக்கமும் இடம் கொடுக்கும்: இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ ஏதாவது ஒன்று போதும்.

"பயாலஜி படிக்காதவர்களும் நீட் எழுதலாம்" என்ற செய்தியின் மூலம், தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பு. பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலை அல்லது உயிரித் தொழில்நுட்பத்தைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்பதே அதன் சாரம். இயற்பியல், வேதியியல் படித்து உயிரியலை மட்டும் விட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்குத்தான் இது உண்மையில் பயன்படும். காமர்ஸ் மாணவருக்கு இது எளிதான பாதை ஆகாது; அவரிடம் மூன்று பாடங்களும் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரும் நீட்டின் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 180 கேள்விகளில் 90, உயிரியலிலிருந்து வருகிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். விதி அனுமதித்ததை நேரம் அனுமதிக்காமல் போகலாம்.

ப்யூர் சயின்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தாவரவியல், விலங்கியல் இரண்டையும் தனித்தனியாக விரிவாகப் படிக்கலாம், கணிதச் சுமை இல்லை, எனவே நீட்டுக்கு வசதி என்று சொல்லப்படுகிறது. இதில் நியாயம் உண்டு. ஆனால் கணிதம் முழுதாக ஒழிந்துவிடாது. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால், இயக்கவியல் அலகிலேயே வெக்டர், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் வந்து நிற்கும். கணித வகுப்பில் மாதக்கணக்கில் நிதானமாக வரும் விஷயத்தை ப்யூர் சயின்ஸ் பிள்ளை இயற்பியல் ஆசிரியரிடம் சில வகுப்புகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். நீட்டில் இயற்பியல் 45 கேள்வி. அங்கே தடுமாறுகிறவர்களில் பலர் உண்மையில் தடுமாறுவது கணிதத்தில்தான்.

## எல்லோருக்கும் திறந்திருப்பவை

இந்தப் பட்டியலைத் தெரியாமல்தான் பல வீடுகளில் அறிவியல் குரூப்புக்காகச் சண்டை நடக்கிறது. கீழே உள்ளவற்றுக்கு எந்த குரூப்பும் போதும்:

1. சட்டம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு.
2. சி.ஏ. பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்யலாம், பிளஸ் டூ எழுதிய பிறகு ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம்.
3. ஐஏஎஸ் தேர்வு, மாநில அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் ஒன், குரூப் டூ தேர்வுகள். ஏதாவது ஒரு பட்டம் போதும். பிளஸ் டூவில் என்ன படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.
4. டிசைன், ஹோட்டல் மேனேஜ்மென்ட், இதழியல், உளவியலின் பெரும்பாலான பட்டப்படிப்புகள்.
5. தேசிய பாதுகாப்பு அகாடமியின் தரைப்படைப் பிரிவு. ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதம்.
6. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டம். ஜேஇஇ தேவையில்லை, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, அவர்களின் தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும்.

பி.காம்., பி.ஏ. படிப்புகளுக்கு அறிவியல் மாணவரும் போகலாம், சில கல்லூரிகளில் காமர்ஸ் மாணவருக்கு முன்னுரிமை இருக்கும். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர எந்தப் பாடம் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

கவனித்தால் ஒன்று புரியும். அறிவியலிலிருந்து காமர்ஸ் பக்கம் பின்னால் மாறலாம். காமர்ஸிலிருந்து அறிவியல் பக்கம் மாற முடியாது. "எதற்கும் இருக்கட்டும், சயின்ஸ் போடு" என்ற அறிவுரை பிறந்தது இந்த ஒருவழிப் பாதையிலிருந்துதான். அது முட்டாள்தனமான அறிவுரை அல்ல. ஆனால் அதன் விலையை யாரும் சொல்வதில்லை.

## "எதற்கும் இருக்கட்டும்" என்பதன் விலை

பயோ மேத்ஸ் என்பது ஒரு காப்பீடு. மருத்துவம், பொறியியல் இரண்டையும் இரண்டு வருடம் தள்ளிப்போட அனுமதிக்கிறது. இதற்குக் கட்டும் பிரீமியம் மதிப்பெண். கணிதத்தில் திணறும் பிள்ளை அங்கே இரண்டு வருடத்தைச் செலவிட்டு 50, 55 என்று வந்தால், தகுதி கிடைக்கும், தரவரிசை கிடைக்காது. அதே பிள்ளை பி.காம். கேட்டுப் போகும்போது, காமர்ஸில் 90 எடுத்தவர்களோடு அதே 55ஐ வைத்துப் போட்டியிட வேண்டும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்படியானால் பிள்ளைக்குக் கணிதம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்தாம் வகுப்பு மதிப்பெண் இதற்குச் சரியான அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் வடிவியல் வரைபடத்தையும் திரும்பத் திரும்பப் போட்டே பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துவிடலாம். பிளஸ் ஒன்னில் அது நடக்காது. ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதன் முதல் மூன்று பாடங்கள் "கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்", "அடிப்படை இயற்கணிதம்", "முக்கோணவியல்". மே மாத விடுமுறையில் முக்கோணவியலின் முதல் இரண்டு பயிற்சிகளை, கைடு இல்லாமல், பிள்ளையை உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை விடை சரி என்பது பெரிய விஷயமில்லை. ஒரு கணக்கு வராதபோது இன்னொரு வழியில் முயன்று பார்க்கிறதா, உடனே புத்தகத்தை மூடிவிடுகிறதா என்று கவனியுங்கள். காமர்ஸ் யோசிப்பவர்களுக்கும் இதே சோதனை உண்டு: கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் சில பாடங்கள். பற்று, வரவு எழுதுவது எளிது என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவில்லை.

## பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீங்கியதால் என்ன மாறும்?

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்துக்கொண்டிருந்தன. நீட், ஜேஇஇ தேர்வுகளிலோ இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது.

பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்பது சரிதான். ஆனால் பழைய நோய் திரும்பி வர இடம் உண்டு. இயற்பியலில் விசை, ஆற்றல், வெப்ப இயக்கவியல் போன்றவையும், உயிரியலில் மனித உடற்செயலியலும் முதலாம் ஆண்டில்தான் வருகின்றன. இவை இல்லாமல் நீட்டை நினைத்துப் பார்க்க முடியாது. எனவே பள்ளியில் சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: "பிளஸ் டூ போர்ஷனை எப்போது தொடங்குவீர்கள்?" அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுவோம் என்று பெருமையாகப் பதில் வந்தால், பிளஸ் ஒன் பாடத்தின் கதி என்ன என்று கூடவே கேளுங்கள்.

## பாடத்தை விடப் பெரிய முடிவு: பள்ளியும் பயிற்று மொழியும்

குரூப் பற்றி மாதக்கணக்கில் பேசும் குடும்பங்கள், பள்ளி மாற்றத்தை ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்த அரசுப் பள்ளி மாணவரைத் தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகை தந்து இழுப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. போவதற்கு முன் எதை விடுகிறோம் என்று கணக்குப் போட வேண்டும்.

1. 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வருடம் தனியாரில் படித்தால் உரிமை போய்விடும். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதால், இது சில லட்சம் ரூபாய் விஷயம்.

2. தமிழ் வழி இடஒதுக்கீடு. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் உண்டு. 2020இல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்து வரை தமிழ் வழி, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி என்று மாறினால் இது துண்டிக்கப்படும். டிஎன்பிஎஸ்சி கனவு உள்ள பிள்ளைக்கு எந்த குரூப் என்பதை விட எந்த மீடியம் என்பதே பெரிய கேள்வி.

3. மாத உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். இவற்றிலும் பள்ளி நிபந்தனை உண்டு.

தனியார் பள்ளிக்கே போகக் கூடாது என்பதில்லை. அரசுப் பள்ளியில் நினைத்த குரூப்பே இல்லாத ஊர்களும், இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் "கட்டணத்தில் பாதி தள்ளுபடி" என்ற ஆசையில் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறோமா என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

## சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு

சிபிஎஸ்இயில் ஐந்து பாடம், விரும்பினால் ஆறாவது ஒன்று. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு கணிதங்கள். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் என்றும் பயன்பாட்டுக் கணிதம் என்றும் தனித்தனியாக இருக்கும். பயன்பாட்டுக் கணிதம் வணிகம், பொருளியல் பக்கம் போகிறவர்களுக்காக வந்தது, பொறியியலுக்கு ஆகாது. பத்தாம் வகுப்பிலும் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு உண்டு. பேசிக் எழுதியவருக்குப் பதினொன்றில் கணிதம் தர அவ்வப்போது சலுகை அறிவித்திருக்கிறார்கள், ஆனால் அந்தத் தாள் உருவானதே மேலே கணிதம் படிக்காதவர்களுக்காகத்தான். எனவே இவர்களுக்குக் குரூப் முடிவு உண்மையில் ஒன்பதாம் வகுப்பின் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது.

## மேல்நிலைக்கே போகாத வழி

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போய் மூன்று ஆண்டில் டிப்ளமோ முடித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூ வழியிலும் டிப்ளமோ வழியிலும் பி.இ. முடிய மொத்தம் ஆறு ஆண்டுதான். டிப்ளமோ வழியில் இடையில் வேலைக்குப் போகும் தகுதியும் கையில் இருக்கும். செய்முறையில் கை நன்றாக ஓடும், மனப்பாடத்தில் மனம் ஓடாத பிள்ளைக்கு இது இரண்டாம்தர வழி அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும்: டிப்ளமோவிலும் முதல் ஆண்டில் கணிதமும் இயற்பியலும் உண்டு. கணக்கிலிருந்து தப்பிக்க இங்கே வருகிறவர்கள் அரியரோடு நிற்கிறார்கள்.

## முடிவெடுக்கும் வரிசை

1. பிள்ளை சொல்லும் மூன்று, நான்கு வேலைகளை எழுதுங்கள். பிள்ளை சொல்வதை மட்டும்; நீங்கள் நினைப்பதை வேறு தாளில் எழுதுங்கள்.
2. ஒவ்வொரு வேலைக்கும் உரிய பட்டப்படிப்பு, அந்தப் படிப்பின் தகுதிப் பாடங்கள் இரண்டையும் அந்தந்தச் சேர்க்கைக் கையேட்டில் பாருங்கள். யூடியூப்பில் பார்க்காதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை.
3. அந்தப் பாடங்களில் கணிதமோ உயிரியலோ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒருமுறைகூட வரவில்லை என்றால் அறிவியல் குரூப்புக்காகச் சண்டை போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.
4. வருகிறது என்றால், மேலே சொன்ன விடுமுறைச் சோதனை.
5. அதன் பிறகு பள்ளி. அந்த குரூப் அங்கே உண்டா, நான்கு பாடங்களுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா? இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் 20 போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

உதவிக்கு, பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டல் வகுப்புகளும் நடக்கின்றன. பெற்றோர் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகுதான் அதைத் தேடுகிறார்கள். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே கேட்டால் பயன் அதிகம்.

சேர்ந்த பிறகு குரூப் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், முதல் சில வாரங்களில் அதே பள்ளியில் வேறு குரூப்பில் இடம் காலியாக இருந்தால் மாற்றித் தருவார்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். "காலாண்டு வரைக்கும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இடமும் இருக்காது, விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க நேரமும் இருக்காது. முதல் மாதத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.